147573952589676412927: ஓர் எண்ணின் கதை

சதுரங்கப் பலகையும் தானிய மணிகளும் வரும் கதை நம்மில் அநேகருக்குத் தெரிந்ததுதான். சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் பொன் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. முதல் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாவது கட்டத்துக்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டித்துத் தந்தால் போதும் என்றான். "இவ்வளவுதானா?" என்று சிரித்த அரசனின் களஞ்சியம் பாதிப் பலகைக்கே தள்ளாடிப் போனது. 64 கட்டங்களுக்கும் சேர்த்து 18446744073709551615 மணிகள்.

கதை சொல்பவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். எண் பெரியது என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. நமக்கு அந்தப் பலகை கொஞ்சம் போதாது. அதன் ஓரத்தில் இன்னும் மூன்று கட்டங்களை ஒட்டிக்கொள்வோம். இப்போது 67 கட்டங்கள். மொத்த மணிகள்:

147573952589676412927

இருபத்தொரு இலக்கங்கள். நம் வழக்கில் சொன்னால், பதினான்கே முக்கால் லட்சம் கோடி கோடிக்குச் சற்று மேல். கணிதக்காரர்கள் இதை 2^67 - 1 என்று சுருக்கமாக எழுதுவார்கள். 2ஐ 67 முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது.

இதைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான். இத்தனை மணிகளையும் ஒன்றுகூட மிஞ்சாமல், வரிசைக்கு இத்தனை என்று சமமாக, ஒரு செவ்வகமாக அடுக்க முடியுமா? பன்னிரண்டு மணிகளை மூன்று வரிசையில் நான்கு நான்காக அடுக்கலாம். பதின்மூன்று மணிகளை எப்படி வைத்தாலும் முடியாது, ஒரே நீள வரிசையாகத்தான் போட வேண்டும். 13 பகா எண், 12 பகு எண் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நம் இருபத்தொரு இலக்க எண் இவற்றில் எந்த ஜாதி?

இந்தக் கேள்விக்கு 1644-ல் சொல்லப்பட்ட பதில் தவறு. 1876-ல் சொல்லப்பட்ட பதில் சரி, ஆனால் பாதி. மீதிப் பாதி 1903-ல் வந்தது. கேள்வியின் இரண்டு பாதிகளும் ஒன்றல்ல என்பதுதான் இதில் உள்ள பெரிய விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எளிய பலகையைப் பார்ப்போம். 64 கட்டப் பலகையின் மணிகளைச் செவ்வகமாக அடுக்குவது மிகச் சுலபம். கட்டங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டில் 1+2=3. அடுத்த இரண்டில் 4+8=12. அதற்கடுத்த இரண்டில் 16+32=48. ஒவ்வொரு ஜோடியும் மூன்றின் மடங்கு, எனவே மொத்தமும் மூன்றின் மடங்கு. நான்கு நான்காகச் சேர்த்தால் 15-இன் மடங்கு என்று வரும், எட்டெட்டாகச் சேர்த்தால் 255-இன் மடங்கு. கட்டங்களின் எண்ணிக்கையைச் சம கூட்டங்களாகப் பிரிக்க முடிந்தால் மணிகளின் எண்ணிக்கையும் பிளந்துவிடும்.

67 ஒரு பகா எண். 67 கட்டங்களை எப்படியும் சம கூட்டங்களாகப் பிரிக்க முடியாது. ஆகவே இந்தச் சாவி இங்கே நுழையாது. அப்படியானால் 2^67 - 1 பகா எண்தானா? அவசரப்படக் கூடாது. 11-ம் பகா எண்ணே. ஆனால் 11 கட்டப் பலகையின் மொத்தம் 2047, அது 23 x 89. ஒரு சாவி நுழையவில்லை என்பதால் கதவே இல்லை என்றாகிவிடாது.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் மாரின் மெர்சென் என்றொரு துறவி இருந்தார். அக்கால ஐரோப்பிய அறிஞர்களுக்கு நடுவே ஒரு தபால் நிலையம் மாதிரி. யார் எதைக் கண்டுபிடித்தாலும் இவருக்குக் கடிதம் போகும், இவரிடமிருந்து மற்றவர்களுக்குப் போகும். 1644-ல் வெளியிட்ட நூலில் அவர் ஒரு பட்டியல் தந்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்கு மட்டுமே 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்றார். இன்றும் இவ்வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்றே பெயர்.

இதில் ஏன் அவருக்கு இத்தனை அக்கறை? யூக்ளிட் காலத்திலிருந்தே ஒரு ஆசை இருந்தது. 6-ஐ வகுக்கும் எண்கள் 1, 2, 3. கூட்டினால் 6. அதேபோல் 28, 496, 8128. தன் பாகங்களின் கூட்டுத்தொகையே தானாக இருக்கும் இவை நிறைவெண்கள். 2^ப - 1 பகா எண்ணாக இருந்தால் அதிலிருந்து ஒரு நிறைவெண் கிடைக்கும் என்று யூக்ளிட் நிறுவியிருந்தார். 67 பட்டியலில் இருந்தால் உலகத்துக்கு இன்னுமொரு நிறைவெண் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

மெர்சென் இவ்வளவு பெரிய எண்களையெல்லாம் சோதித்திருக்க முடியாது என்பது அவருடைய சமகாலத்தவருக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பட்டியலை யாராலும் முழுதாக ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. கடைசியில் பார்த்தால் 67-ம் 257-ம் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டிருந்தன. 67 என்பது 61 என்பதன் அச்சுப்பிழையாக இருக்கலாம் என்று மெர்செனுக்காக வாதாடியவர்கள் உண்டு. ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்களைப் படித்துப் பழகிய நமக்கு இந்த வாதம் புதிதல்ல. பாடபேதத்தால் ஒரு பிழையைத் துடைக்கலாம், 89-ஐயும் 107-ஐயும் என்ன செய்வது? (61 சரியென்று 1883-ல் நிரூபித்தவரும் ஒரு பாதிரியார்தான், ரஷ்யாவின் இவான் பெர்வுஷின்.)

சரி, 2^67 - 1-க்கு ஒரு காரணியைத் தேட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து தொடங்குவது? 3 போகுமா, 5 போகுமா, 7 போகுமா என்று ஒவ்வொன்றாக வகுக்க வேண்டியதில்லை. 1640-ல் ஃபெர்மா ஓர் அருமையான விதியைக் கண்டார். 2^67 - 1-இன் எந்தப் பகாக் காரணியும் 134-ஆல் (அதாவது 67-இன் இருமடங்கால்) வகுக்கும்போது 1 மீதி தந்தே ஆக வேண்டும். 2047-ஐப் பாருங்கள். அங்கே அடுக்கு 11, இருமடங்கு 22. காரணிகள் 23, 89. இரண்டுமே 22-ஆல் வகுத்தால் மீதி 1. விதி சரியாக உட்காருகிறது.

பின்னால் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்க முடியும். இரண்டு விதிகளையும் சேர்த்துச் சல்லடை போட்டால் சோதிக்க வேண்டிய முதல் பகா எண் எது தெரியுமா? 1609. அதற்குக் கீழே உள்ள இருநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட பகா எண்களை ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் ஒதுக்கிவிடலாம்!

ஆனால் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது வேறு கதை. காரணி ஒன்று இருந்தால் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்குள் இருக்க வேண்டும். வர்க்கமூலமே 1200 கோடிக்கு மேல். சல்லடையில் தப்பியவை மட்டும் சுமார் நாலரைக் கோடி. காகிதத்தில் ஒவ்வொன்றாக வகுத்து ஒரு மனிதன் முடிக்கும் வேலையல்ல இது.

இங்கேதான் எத்வார் லூகா வருகிறார். பிரெஞ்சுக்காரர். பாரிஸ் உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவர். ஹனாய் கோபுரம் என்ற விளையாட்டை உருவாக்கியவர் இவரே (64 வட்டுகள் இருந்தால் அதை முடிக்க எத்தனை நகர்த்தல்கள் வேண்டும் தெரியுமா? அதே சதுரங்கப் பலகை மணிகளின் தொகை). ஒரு மெர்சென் எண்ணை வகுக்காமலே அது பகா எண்ணா இல்லையா என்று சொல்லும் சோதனையை 1876-ல் லூகா வகுத்தார். பின்னர் 1930-ல் லெஹ்மர் அதை எளிமையாக்கினார். அந்த எளிய வடிவம் இதுதான்:

4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். வந்ததைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதையே செய்யுங்கள். அடுக்கை விட இரண்டு குறைவான தடவைகள் செய்த பிறகு கையில் பூஜ்யம் இருந்தால் அது பகா எண். இல்லையென்றால் பகு எண்.

31-ஐப் பார்ப்போம். அது 2^5 - 1, எனவே மூன்று தடவை. 4-இன் வர்க்கம் 16, இரண்டைக் கழித்தால் 14. 14-இன் வர்க்கம் 196, கழித்தால் 194, 31-ஆல் வகுக்க மீதி 8. 8-இன் வர்க்கம் 64, கழித்தால் 62, 31-ஆல் வகுக்க மீதி 0. முடிந்தது. 31 பகா எண். 2047-க்கு ஒன்பது தடவை: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் பூஜ்யம் வரவில்லை. எனவே 2047 பகு எண்.

கவனியுங்கள், இந்த ஒன்பது எண்களில் எங்கேயாவது 23 தெரிகிறதா? 89 தெரிகிறதா? இல்லை. 2047 உடையும் என்று இக்கணக்கு ஆணித்தரமாகச் சொல்கிறது. எப்படி உடையும் என்பது பற்றி வாயே திறக்கவில்லை.

67-க்கு அறுபத்தைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய இருபது இலக்க எண்ணை வர்க்கப்படுத்தி வகுக்க வேண்டும். கடினமான வேலை, ஆனால் மனித ஆயுளுக்குள் அடங்குகிற வேலை. லூகா இத்தகைய கணக்குகளை இரும எண்களில், சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் காய்களை வைத்துச் செய்யும் வழியையும் விவரித்திருக்கிறார். நம் மணிக்கதை பழைய பலகைக்கே திரும்பி வந்துவிட்டது பாருங்கள்! 1876-ல் லூகா சொன்ன இரண்டு முடிவுகள்: 2^127 - 1 பகா எண், மெர்சென் சொன்னது சரி. 2^67 - 1 பகு எண், மெர்சென் சொன்னது தவறு.

ஆக, மணிகளைச் செவ்வகமாக அடுக்க முடியும். எத்தனை வரிசை? வரிசைக்கு எத்தனை? லூகாவுக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்கும் தெரியாது. இருபத்தேழு ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது.

1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரும் அக்கழகத்தின் செயலாளருமான ஃப்ராங்க் நெல்சன் கோல் பேசுவதாக இருந்தது. தலைப்பு பெரிய எண்களின் காரணிகளைப் பற்றியது. கோல் அதிகம் பேசாதவர். அன்று அவர் கரும்பலகைக்குப் போய், 2-ஐப் பெருக்கிக்கொண்டே போய் 2^67-ஐ எழுதி, ஒன்றைக் கழித்தார். பிறகு பலகையின் காலியான பக்கத்துக்கு நகர்ந்து,

193707721 x 761838257287

என்று எழுதிக் கையால் பெருக்க ஆரம்பித்தார். வரி வரியாகப் பெருக்கி, கூட்டி முடித்தபோது இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார். அவையில் கைதட்டல். யாரும் கேள்வி கேட்கவில்லை.

இதைச் சொல்பவர் எரிக் டெம்பிள் பெல். கணிதமேதைகளின் வாழ்க்கைகளைச் சுவைபட எழுதியவர், சுவைக்காகக் கொஞ்சம் உப்புக் காரம் சேர்ப்பவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. எத்தனை நாள் பிடித்தது என்று பிற்காலத்தில் தான் கோலிடமே கேட்டதாகவும், மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்று அவர் பதில் சொன்னதாகவும் பெல் எழுதியிருக்கிறார்.

காட்சியின் நாடகத்தன்மையில் எவ்வளவு பெல்லுடையது என்று சொல்ல முடியாது. எண்களைச் சோதிக்க நமக்குப் பெல் வேண்டாம். கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் பெருக்குங்கள்: 721 x 287 = 206927. நம் எண்ணும் 927-இல் முடிகிறது. இலக்கங்களைக் கூட்டும் பழைய சோதனையையும் செய்யலாம். முதல் காரணியின் இலக்கங்களின் தொகை 37, சுருக்கினால் 1. இரண்டாவது 64, சுருக்கினால் 1. பெருக்கினால் 1. நம் எண்ணின் இலக்கத் தொகை 109, சுருக்கினால் அதுவும் 1. ஃபெர்மா சொன்னபடி 193707720 என்பது 134 x 1445580. பொறுமையுள்ளவர்கள் முழுப் பெருக்கலையும் செய்து பார்க்கலாம், முதல் காரணியில் 7 மூன்று முறை வருவதால் அந்த வரியை ஒருமுறை கணக்கிட்டால் போதும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

கோல் இதை எப்படிப் பிடித்தார்? சல்லடையில் தப்பியவற்றை வரிசையாக வகுத்துக்கொண்டே போயிருந்தால் 193707721-ஐ எட்டுவதற்குள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வகுத்தல்கள். மணிக்குப் பத்து, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் இருபத்தைந்து ஆண்டுகள், அதுவும் ஞாயிறு மட்டுமல்ல, தினமும். அவற்றில் பகா எண்களை மட்டும் பொறுக்கியெடுத்தால் சுமார் 80 ஆயிரமாகக் குறையும். ஆனால் அன்று அச்சில் கிடைத்த பகா எண் பட்டியல்கள் ஒரு கோடியைக்கூட எட்டவில்லை, இவர் தேடுவது பத்தொன்பது கோடியில் இருக்கிறது. எனவே அவர் செய்தது முரட்டு வகுத்தல் அல்ல. நம் எண்ணால் வகுக்கும்போது சிறிய மீதி தரும் வர்க்க எண்களைச் சேகரித்தார். அப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு மீதியும் காரணி எந்தெந்த வகுப்புகளில் இருக்க முடியாது என்று சொல்லும். ஒவ்வொன்றும் மிஞ்சியவற்றில் ஏறக்குறையப் பாதியை அடித்துச் செல்லும். பத்து மீதிகள் சேர்ந்தால் ஆயிரத்தில் ஒன்றுதான் நிற்கும். மூன்று வருட ஞாயிறுகள் அப்போதுதான் நம்பத்தகுந்த கணக்காகிறது.

கோல் பெருக்கியதற்கு ஒரு சொற்பொழிவின் நேரம் போதுமாக இருந்தது. கண்டுபிடிக்க மூன்று வருடம். இந்த ஏற்றத்தாழ்வு ஒரு சுவாரஸ்யமான வேடிக்கையாக மட்டும் முக்கால் நூற்றாண்டு கிடந்தது. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் இதையே ஒரு பூட்டாக மாற்றினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை ஊரறியச் சொல்லிவிடு. அந்த இரண்டையும் மட்டும் ரகசியமாக வைத்துக்கொள். பூட்ட விடை போதும், திறக்க இரண்டும் வேண்டும். ஆர்.எஸ்.ஏ. என்று அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் அழைக்கப்படும் இந்தப் பூட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஊருக்குப் பணம் அனுப்ப வங்கியின் தளத்தைத் திறக்கும்போது நம்மில் பலர் அதைத் தொட்டுத்தான் உள்ளே போகிறோம்.

அதே 1977-ல் அவர்கள் சவாலாக வெளியிட்ட 129 இலக்க எண் 1994-ல் உடைந்தது. இணையத்தின் வழியே சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை இரவல் கொடுத்தார்கள். 250 இலக்க எண் ஒன்று 2020 பிப்ரவரியில் உடைந்தது. ஒரே கணினிச் செயலியிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும். இன்று வழக்கத்தில் உள்ள பூட்டுகள் 617 இலக்கங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், லூகாவின் கேள்வி மேலும் மேலும் சுலபமாகிக்கொண்டே வந்திருக்கிறது. மெர்சென் எண் மட்டுமல்ல, எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது பகா எண்ணா என்று நியாயமான நேரத்துக்குள் உறுதியாகச் சொல்லும் வழியை 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கண்டார்கள். 2024 அக்டோபரில் 2^136279841 - 1 பகா எண் என்று உறுதியானது. நாலு கோடியே பத்து லட்சம் இலக்கங்கள்! உடையாது என்று சொல்ல முடிகிற எண்ணின் அளவையும், உடைத்துக் காட்ட முடிகிற எண்ணின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காரணி கண்டுபிடிக்கும் வேலைக்கு ஒரு சுலபமான வழி இல்லவே இல்லை என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. குவாண்டம் கணினிகளுக்கு அப்படியொரு வழியை பீட்டர் ஷோர் 1994-லேயே எழுதிவைத்திருக்கிறார், போதிய அளவுள்ள இயந்திரம்தான் பாக்கி. ஆக, பூட்டின் மேல் நமக்குள்ள நம்பிக்கை நிரூபணம் அல்ல, இதுவரை யாராலும் முடியவில்லை என்ற அனுபவம் மட்டுமே.

கோல் 1926-ல் காலமானார். அவர் பெயரில் அமெரிக்கக் கணிதக் கழகம் வழங்கும் பரிசு எண்கணிதத் துறையின் பெரிய கௌரவங்களில் ஒன்று. 2008-ல் மஞ்சுள் பார்கவா அதைப் பெற்றார். கோலின் மூன்று வருடத்து ஞாயிறுகளை ஒரு சாதாரண மேசைக் கணினி இன்று ஒரு நொடிக்குள் முடித்துவிடுகிறது.

ஆனால் 2^67 - 1 இருந்த இடம் காலியாக இல்லை. 1952-ல் 2^1279 - 1 பகா எண் என்று கணினி ஒன்று கண்டது. அதன் பக்கத்து வீட்டுக்காரர் 2^1277 - 1. 385 இலக்கங்கள். அது பகு எண் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். இதை எழுதும் வரை அதற்கு ஒரு காரணிகூடக் கிட்டவில்லை. அது எதுவாக இருந்தாலும், 2554-ஆல் வகுத்தால் 1 மீதி வரும்.